கனத்த சிவப்பு ஒயினைச் சுவைப்பதும் அதற்கேற்ற உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி தமிழ். வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் கொட்டைப்பாக்கையும் அறிந்த நாக்குக்குத் துவர்ப்பு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கனத்த சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. முதன்முறை குடிப்பவரை முகம் சுளிக்க வைப்பதும், பழகியவரைத் திரும்ப அழைப்பதும், எந்த உணவோடு அது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் அந்தத் துவர்ப்புதான். சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்காக எழுதப்பட்ட இந்த விடைகளும் அதையே பற்றிக்கொண்டு செல்கின்றன.

எந்த ஒயினைக் கனத்த ஒயின் என்கிறார்கள்?

தண்ணீர் கலந்த பாலுக்கும் சுண்டக் காய்ச்சிய பாலுக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு எப்படி எடையாக உணர்கிறதோ, அப்படியே ஒயினிலும் எடையை உணர்கிறது. ஆல்கஹால் 14 விழுக்காட்டைத் தொட்டோ தாண்டியோ இருப்பது, பழச்சாறு அடர்ந்திருப்பது, துவர்ப்பு ஓங்கி நிற்பது ஆகியவை சேரும்போது ஒயின் கனக்கிறது. பிரான்சின் போர்தோ வட்டாரத்திலிருந்து உலகெங்கும் பரவிய கேபர்நே சோவின்யோன், அர்ஜென்டினாவின் மால்பெக், ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்று அழைக்கப்படும் சிரா, தென்மேற்குப் பிரான்சின் டானா, இத்தாலியின் நெபியோலோ ஆகிய திராட்சை வகைகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பர்கண்டியின் பினோ நுவார், போஜொலேயின் காமே ஆகியவை இதற்கு எதிர்முனையில் இருக்கும் மெல்லிய ஒயின்கள்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. நெபியோலோவிலிருந்து எடுக்கும் பரோலோ ஒயின், கிளாஸின் பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு வெளிறிய சிவப்பாக இருக்கும். வாயில் வைத்தால் ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும்.

இந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான கருந்திராட்சைகளைப் பிழிந்தால் நிறமற்ற சாறே வரும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. துவர்ப்பின் இன்னொரு பங்கு விதையில் இருக்கிறது. அதனால் சிவப்பு ஒயின் செய்பவர்கள் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விட்டு, சில நாள்களோ சில வாரங்களோ ஊற வைக்கிறார்கள். ஓக் மரப்பீப்பாயில் முதிர வைக்கும்போது மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை வாயில் போட்டு, விதையைத் தற்செயலாகக் கடித்திருப்பவர்களுக்கு அந்தத் துவர்ப்பு நினைவிருக்கும். அது உண்பதற்கான திராட்சை. அதில் சதையும் சாறும் மிகுதி. கேபர்நே சோவின்யோன் கனியோ உருவில் சிறியது, தோல் தடித்தது, உடல் அளவுக்கு விதை பெரியது. சாற்றின் ஒவ்வொரு துளிக்கும் தோலும் விதையும் கூடுதலாகக் கிடைப்பதால்தான் அதன் ஒயின் அவ்வளவு துவர்க்கிறது.

வாயில் நடப்பது இதுதான்: துவர்ப்பை உண்டாக்கும் டானின் என்னும் பொருள் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பற்றி இழுத்துத் திரட்டிவிடுகிறது. வழவழப்பைத் தந்துகொண்டிருந்த அந்தப் புரதங்கள் விலகியதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசி, உலர்ந்து சொரசொரப்பதாகத் தோன்றுகிறது. ஆகவே துவர்ப்பை நாம் சுவை என்று எண்ணினாலும், அதில் பெரும்பகுதி தொடு உணர்ச்சியே.

துவர்ப்பையும் கசப்பையும் புளிப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

வீட்டில் ஒரு சிறு பயிற்சி போதும். தேயிலையை வழக்கத்தைவிட நீண்ட நேரம் கொதிக்க விட்டுச் சர்க்கரை சேர்க்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ஈறும் கன்னமும் வறண்டு இழுப்பது துவர்ப்பு; அடிநாக்கில் தங்கி நிற்பது கசப்பு. எலுமிச்சைச் சாறு கலந்த நீரைக் குடித்தால் வாயின் ஓரங்களில் உமிழ்நீர் ஊறும், அது புளிப்பு. துவர்ப்பு வாயை உலர்த்துகிறது, புளிப்பு ஊற வைக்கிறது என்ற இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் ஒயினில் குழப்பம் பாதி தீரும்.

இப்போது அதே தேநீரில் பால் ஊற்றிக் குடியுங்கள். துவர்ப்பு சட்டென்று தணிந்திருக்கும், ஏனெனில் டானினுக்குப் பற்றிக்கொள்ள உங்கள் உமிழ்நீருக்குப் பதிலாகப் பாலின் புரதம் கிடைத்துவிட்டது. கனத்த சிவப்பு ஒயினை இறைச்சியோடும் சீஸோடும் பரிமாறும் வழக்கத்தின் அடிப்படை இந்தக் கோப்பைக்குள் இருக்கிறது.

ஒயினைச் சுவைக்கும் முறை என்ன? இவ்வளவு சடங்கு தேவைதானா?

சடங்கு தேவையில்லை, வரிசை தேவை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது, ஏனெனில் மேலே உள்ள வெற்றிடத்தில்தான் மணம் சேர்கிறது. வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பார்த்தால், இளம் ஒயினில் ஊதா ஓரமும் முதிர்ந்த ஒயினில் செங்கல் நிற ஓரமும் தெரியும். பிறகு கிளாஸை அசைக்காமல் ஒரு முறையும், மெதுவாகச் சுழற்றியபின் இன்னொரு முறையும் முகர்ந்து பார்க்க வேண்டும். வாயில் எடுத்த ஒயினை உடனே விழுங்காமல், பல்லிடுக்கு, கன்னம், அடிநாக்கு எங்கும் படும்படி சில நொடிகள் உருட்டி, உதட்டைச் சற்றே திறந்து காற்றை உள்ளிழுத்தால் மணம் மூக்கின் பின்வழியாக மீண்டும் எழும். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ அந்தச் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கவனிப்பதுதான் கடைசி வேலை. என் கருத்தில் அதுவே முதன்மையான வேலையும்கூட. பல ஒயின்களைச் சுவைக்கும்போது துப்புவதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஒயின் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள், மூன்றாவது கிளாஸுக்குப் பிறகும் தீர்ப்பு தெளிவாக இருக்க அது ஒன்றே வழி.

கண் மூக்கை ஏமாற்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை வர்ணித்தார்கள். எனவே பாட்டிலின் பெயரையும் விலையையும் தெரிந்துகொள்வதற்கு முன்பே உங்கள் குறிப்பை எழுதிவிடுவது நல்லது.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்கிறார்களே?

அந்த அறிவுரை ஐரோப்பியக் கல்வீடுகளின் குளிர்ந்த அறைகளில் பிறந்தது. அங்கே அறை என்பது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 30 டிகிரியில் இருக்கும் அறையில் திறந்த கனத்த ஒயினில் ஆல்கஹாலின் நெடி முன்னே வந்து, பழத்தின் மணத்தை மூடிவிடும். மறுபக்கம், மிகவும் குளிர வைத்தால் துவர்ப்பு கரடுமுரடாகும். பாட்டிலை ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் பரிமாறினால் போதுமானது.

டிகாண்டர் அவசியமா?

இளமையும் துவர்ப்பும் மிகுந்த ஒயினை அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் மூடிக்கிடந்த மணம் விரியும். முதிர்ந்த ஒயினில் அடியில் தங்கிய கசடைப் பிரிக்கவும் அது உதவுகிறது. தனியாக டிகாண்டர் வாங்க வேண்டியதில்லை. சுத்தமான கண்ணாடிக் குடுவை எதுவும் அந்த வேலையைச் செய்யும்.

ஒயினில் மிளகு மணக்கிறது என்பது கற்பனையா?

கற்பனை இல்லை. சிரா ஒயினில் எழும் மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்னும் பொருள் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். அந்த ஆய்வில் சுவைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அதை நீரில் மிகுந்த அளவில் கலந்து கொடுத்தும் உணர முடியவில்லை என்பது எனக்கு மிகவும் பயனுள்ள செய்தியாகப் படுகிறது. ஒரே மேசையில் அமர்ந்த இருவரில் ஒருவர் மிளகு என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னால், இருவரும் உண்மையைச் சொல்லக்கூடும்.

இதைப் போலவே கேபர்நே சோவின்யோன் முழுதும் பழுக்காமல் பறிக்கப்பட்டால் பச்சைக் குடமிளகாயின் மணம் வீசும். அதற்குக் காரணமான பைரசின் வகைப் பொருள் குடமிளகாயிலும் இருக்கிறது.

கனத்த சிவப்பு ஒயினுக்கு இறைச்சியே துணை என்பது ஏன்?

மால்பெக்கின் கதையைச் சொன்னால் இது விளங்கும். இந்தத் திராட்சையின் பழைய வீடு தென்மேற்குப் பிரான்சில் லோ ஆற்றங்கரையில் உள்ள காவோர். அதன் நிறம் அவ்வளவு கறுத்திருந்ததால் இடைக்காலத்திலேயே கறுப்பு ஒயின் என்று பெயர் பெற்றது. 1853இல் பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் எமே பூஜே அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்கு பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளைக் கொண்டுசென்றபோது மால்பெக்கும் அங்கே போய்ச் சேர்ந்தது. பிற்பாடு பிரான்சில் வேர்ப்பூச்சி தாக்கியது. காவோரில் எஞ்சியிருந்ததையும் 1956 பிப்ரவரியின் உறைபனி பெருமளவில் அழித்தது. புகுந்த வீடான மெண்டோசாவிலோ மால்பெக் செழித்தது. ஆண்டீஸ் மலையடிவாரத்தின் ஊகோ பள்ளத்தாக்கில் 1,000 மீட்டரைத் தாண்டிய உயரத்திலும் தோட்டங்கள் உள்ளன. கடும் வெயில் தோலைத் தடிக்க வைக்கிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது.

அந்த நாட்டின் உணவு அசாடோ. மாட்டிறைச்சியைப் பெரிய துண்டங்களாக, பெரும்பாலும் கல்லுப்பு மட்டும் தூவி, விறகுத் தணலின் மேல் பொறுமையாக வாட்டுகிறார்கள். இறைச்சியின் புரதம் டானினைப் பற்றிக்கொள்கிறது. கொழுப்பு நாக்கில் படலமாகப் படிந்து உரசலைத் தடுக்கிறது. உப்பு கசப்பை அடக்குகிறது. ஒயின் தன் பங்குக்கு, கொழுப்பால் வழுவழுத்துப்போன வாயைத் துடைத்து அடுத்த கவளத்துக்குத் தயார் செய்கிறது. இறைச்சி ஒயினை மென்மையாக்குகிறது, ஒயின் இறைச்சியின் திகட்டலைப் போக்குகிறது. தணலின் கருகிய விளிம்புக்கு ஓக் பீப்பாயின் புகை மணமும் இணையாக நிற்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்குப் போடும் நம் வழக்கத்திலும் எண்ணெய்ப் பிசுக்கைத் துவர்ப்பால் துடைக்கும் அதே வேலை நடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொழுப்பு அறவே இல்லாத இறைச்சித் துண்டு, உப்புக் குறைவாகவும் அளவுக்கு மீறி வெந்தும் வந்தால், இந்தப் பொருத்தம் நடக்காது. அப்போது பழியை ஒயின் மேல் போடுவது நியாயமில்லை.

மற்ற ஊர்களில் எதனோடு பரிமாறுகிறார்கள்?

பிரனீஸ் மலைகளுக்கு வடக்கே உள்ள மடிரான் வட்டாரத்தின் டானா திராட்சை, நான் அறிந்தவற்றில் மிகக் கடுமையான துவர்ப்பை உடையது. 1990களின் தொடக்கத்தில் பட்ரிக் டுகூர்னோ என்ற ஒயின் தயாரிப்பாளர், நொதித்த ஒயினுக்குள் நுண்ணிய அளவில் ஆக்சிஜனைச் செலுத்தி அந்தத் துவர்ப்பைத் தணிக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார். ஆனால் அதற்குப் பல தலைமுறைகள் முன்பே அந்த ஊர்ச் சமையல் தனக்கான தீர்வைக் கண்டிருந்தது: வாத்தின் காலை உப்பிட்டு, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெல்ல வேகவைத்துப் பதப்படுத்தும் கொன்ஃபி. வெள்ளை பீன்ஸும் வாத்தும் தொத்திறைச்சியும் சேர்ந்து வெந்த கசூலேயும் அந்தத் தென்மேற்குச் சமையலைச் சேர்ந்ததே.

இத்தாலியின் பியட்மாண்டில் மாட்டிறைச்சியைப் பரோலோ ஒயினிலேயே ஊறவைத்து மணிக்கணக்கில் கொதிக்க விட்டுச் சமைக்கிறார்கள். பரோலோவில் துவர்ப்போடு புளிப்பும் உயர்ந்து நிற்பதால், குழம்பின் செறிவை அது தாங்குகிறது. ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் அப்படியன்று. அதில் பழத்தின் செழுமையே முன்னிற்கும், ஆகவே இனிப்பும் புகையும் கலந்த வாட்டல் இறைச்சிகளுக்கு அது ஏற்றது.

மீனோடு குடித்தால் ஏன் இரும்பு வாடை அடிக்கிறது?

அந்த வாடைக்குக் காரணம் மெய்யாகவே இரும்புதான். ஜப்பானின் மெர்சியன் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒயினில் கரைந்துள்ள இரும்பின் அளவு கூடக்கூட, கடலுணவோடு சேரும்போது எழும் கவிச்சி வாடையும் கூடுகிறது; இரும்பைக் கட்டிப்போட்டால் வாடையும் அடங்குகிறது. ஒயினில் இரும்பின் அளவு மண், கருவிகள் எனப் பலவற்றைச் சார்ந்தது. சிவப்பு ஒயின்களில் பெரும்பாலும் சற்று அதிகம். மீனுக்கு வெள்ளை ஒயினே பாதுகாப்பு.

எந்த சீஸ் பொருந்தும்?

நாள்பட்ட, இறுகிய, உப்புள்ள சீஸ்கள் பொருந்தும்: முதிர்ந்த செடார், கோம்தே, பர்மிஜானோ ரெஜ்ஜானோ போன்றவை. நீலப்பூஞ்சை ஓடிய ரோக்ஃபோர் வகையைக் கனத்த சிவப்போடு வைக்க வேண்டாம். அதன் காரம் டானினோடு மோதிக் கசக்கும், அதற்கு சோடெர்ன் போன்ற இனிப்பு ஒயினே துணை.

நம் காரமான சமையலோடு குடிக்கலாமா?

இதற்கு நேர்மையான விடை, பெரும்பாலும் வேண்டாம் என்பதே. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடுகிறது. எரியும் நாக்குக்குத் துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரிகிறது. காரசாரமான மட்டன் சுக்காவோடு 15 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினை வைத்தால் இரண்டும் கெடும். புளிக்குழம்பின் புளிப்புக்கு முன்னால் பழச் செழுமை மட்டுமே உள்ள ஒயின் சப்பென்று ஆகிவிடும். மிளகாயைக் குறைத்து, சீரகமும் மிளகும் அளவாகச் சேர்த்து, கொழுப்புள்ள ஆட்டு விலாவை அடுப்பில் வாட்டி எடுத்தால் கதை மாறும். மிளகு மணக்கும் சிராவுக்கு அது அருமையான துணை. காரத்தை விட மனமில்லாதவர்கள், ஆல்கஹாலும் துவர்ப்பும் குறைந்த மெல்லிய சிவப்பு ஒயினை நன்கு குளிர வைத்துக் குடிக்கலாம்.

சைவ உணவுக்கு வழி உண்டா?

உண்டு. வெண்ணெயும் உப்பும் சேர்த்துத் தணலில் வாட்டிய காளான், சுட்ட கத்தரிக்காய், எண்ணெய் தாராளமாக விட்டுச் சமைத்த பருப்பு வகைகள் ஆகியவை ஒத்துப்போகும். காளானில் இயல்பாகவே உள்ள ஊனைப் போன்ற செறிசுவை, ஒயினின் துவர்ப்பை மிகைப்படுத்திக் காட்டும் என்பதால், அதற்கு உப்பைச் சற்றே கூட்டிப் போடுவது நல்லது.

சாக்லேட்டோடு?

பலர் பரிந்துரைக்கிறார்கள், நான் பரிந்துரைப்பதில்லை. இனிப்பு உண்ட நாக்குக்கு இனிப்பற்ற ஒயின் புளிப்பாகவும் கசப்பாகவும் தெரியும், சாக்லேட்டின் சொந்தத் துவர்ப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். சாக்லேட்டுக்கு போர்ட் போன்ற இனிப்பு ஒயின் ஏற்றது.

பழைய ஒயின் என்றால் சிறந்ததா?

எல்லா ஒயினுக்கும் இது பொருந்தாது. காலம் செல்லச் செல்ல டானின் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருமாறி, அதன் கடுமை தணிகிறது. ஒரு பகுதி கசடாக அடியில் தங்குகிறது. பரோலோவைக் குறைந்தது 38 மாதங்கள் முதிர வைத்த பிறகே விற்கலாம் என்றும், அவற்றில் 18 மாதங்கள் மரத்தில் இருக்க வேண்டும் என்றும் இத்தாலியச் சட்டம் விதிப்பது அதனால்தான். ஆனால் முதிர்வதற்குத் துவர்ப்பும் புளிப்பும் பழச்செறிவும் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றை வெப்பமான அலமாரியில் பத்து ஆண்டு பூட்டி வைத்தால் காடிதான் மிஞ்சும்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்பது உண்மையா?

கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதற்கு ஒயினே காரணம் என்ற கருத்து, 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியே உலகெங்கும் பரவியது. அந்த நம்பிக்கையை இன்று பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. ஒயினை மருந்தாக எண்ணிக் குடிப்பவர் அளவை மறப்பார். சுவைக்காகக் குடிப்பவருக்கு உணவோடு ஒரு கிளாஸ், அதாவது ஏறத்தாழ 150 மில்லி, போதும்.

திறந்த பாட்டிலில் மிஞ்சியதை என்ன செய்வது?

கார்க்கை இறுக அடைத்து ஃப்ரிட்ஜில் நிற்க வைத்தால், துவர்ப்பு மிகுந்த ஒயின் மூன்று நான்கு நாள் தாங்கும், ஏனெனில் டானினே ஆக்சிஜனின் தாக்குதலை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. இளம் மடிரானும் பரோலோவும் இரண்டாம் நாளில் முதல் நாளைவிட இணக்கமாக இருப்பதும் உண்டு. அதற்கும் பிறகு மிஞ்சினால், வெங்காயத்தோடும் எலும்புச் சாற்றோடும் சேர்த்துப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க விடுங்கள். இறக்கும்போது ஒரு கட்டி வெண்ணெயைக் கலந்தால், வாட்டிய இறைச்சியின் மேல் ஊற்ற நல்ல குழம்பு கிடைக்கும்.